வறுவல் ஆபீஸ்

மாதையனுடைய பசு கறுப்பாகப் பிறந்து, கறுப்பாக வளர்ந்து, இரண்டு ஈத்து ஈன்ற பின்னும் கறுப்பாகவே இருந்து, மூன்றாவது ஈத்துக்குச் சினையாக இருந்த தை மாதத்தில் சிவக்கத் தொடங்கியது. முதலில் கண்ணைச் சுற்றி வளையமாக வெளுத்தது. யாரோ அதற்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டது போலிருந்தது. பிறகு முதுகு மயிர் துருப்பிடித்த தகரத்தின் நிறத்துக்கு வந்தது. கழிச்சலும் நின்றபாடில்லை. மையாள் என்று ஆசையாகப் பெயர் வைத்த மாட்டை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே அவனுக்குக் கூச்சமாகிவிட்டது.

அரூரிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் மாட்டைப் பார்த்தார், தீவனத்தைப் பார்த்தார், பிறகு கொட்டகைக் கூரைக்கு மேலே தெரிந்த புகைபோக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊசி ஒன்றைப் போட்டார். மற்றதை அங்கே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே என்றால் அரிய உலோக மீட்பு முன்னோடி நிலையம். பெயர்ப்பலகையின் நீளத்தை அளந்துதான் காம்பவுண்டுச் சுவரே கட்டினார்கள் என்று மாதையனின் ஊரான நரிமேட்டில் சொல்லுவார்கள். ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றை உடைத்து, கல்லை மாவாக அரைத்து, உலையில் போட்டு வறுத்து, வறுத்ததைத் தொட்டியில் மருந்துத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, வடித்து, அதிலிருந்து மாலிப்டினம் என்ற உலோகத்தைப் பிரித்தெடுப்பது அந்த நிலையத்தின் வேலை. உலோகத்தை ஊர்க்காரர்கள் மாலிப்பு என்றார்கள். நிலையத்தை வறுவல் ஆபீஸ் என்றார்கள்.

அந்தக் கரட்டுக் கல்லில் மாலிப்பு இருந்தது உண்மை. இல்லை என்று சொல்லிவிட முடியாத அளவுக்கு இருந்தது. ஒரு லாரிக் கல்லை வறுத்தால் ஒரு சட்டி தேறினால் அதிகம். நிலையத்தின் இயக்குநர் டாக்டர் நவநீதன் இதை ஒரு குறையாகக் கருதியதே இல்லை. திறப்பு விழாவில் அவர் பேசியதை ஊரே மைக்கில் கேட்டது. “தரம் குறைந்த கல் என்று சிலர் சொல்கிறார்கள். கல்லின் தரம் எவ்வளவு குறைகிறதோ, நம்முடைய முயற்சியின் தரம் அவ்வளவு உயர்கிறது. நல்ல கல்லிலிருந்து உலோகம் எடுக்க யாரால்தான் முடியாது?” எல்லோரும் கைதட்டினார்கள். மாதையனும் தட்டினான். அன்றைக்கு நெய் விட்ட பொங்கல் கொடுத்தார்கள்.

அதன்பிறகு லாரிகள் உள்ளே போய்க்கொண்டே இருந்தன. வெளியே வந்தது புகை மட்டும்தான். மூக்கைக் குடையும், தீக்குச்சியை மூக்கருகில் கிழித்தது போன்ற புகை.

மாதையன் நிலையத்தின் வாசலுக்குப் போனபோது மாட்டைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் அவன் தலையில் ஒரு மஞ்சள் தொப்பியை வைத்தார்கள். உள்ளே காலடி வைக்கும் யாரும் பாதுகாப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பது விதி. காவலாளி சொல்லச் சொல்ல, வலது கையை நீட்டிக்கொண்டு அவன் சொன்னான்: என் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு, எனக்கு நேர்வது எதுவானாலும் அது என் கவனக்குறைவால் நேர்ந்ததே. சொல்லி முடித்ததும் கையில் ஒரு சாக்லேட் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள்.

மக்கள் தொடர்பு அதிகாரி அருள்குமார் எழுந்து நின்று கும்பிட்டான். பென்னாகரம் பக்கத்துப் பையன். வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுவான். மாடு சிவந்த கதையை அவன் குறுக்கே பேசாமல் கேட்டான், இடையிடையே உச்சுக் கொட்டினான், கடைசியில் கைகளைப் பிசைந்துகொண்டான்.

“விபத்து எதாச்சும் நடந்திருந்தா புகார் வாங்கிக்கலாம்ணா. அதுக்குத் தனி ஆபீசரே இருக்காரு. ஆனா இங்க ஒண்ணுமே தப்பா நடக்கலைங்களே. எல்லாம் திட்டம் போட்டபடிதான் நடந்துக்கிட்டிருக்குது.”

ஏதாவது தப்பாக நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மாதையனுக்குத் தோன்றியது. அருள்குமாருக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். புகார் சொல்ல வருகிறவர்களைக் கௌரவிக்க நிலையத்தில் நல்லயலார் குழு என்று ஒன்று இருப்பதாகவும், அதில் ஒரு இடம் காலியாக இருப்பதாகவும், மாதையனைப் போன்ற ஒருவருக்காகவே அது இத்தனை நாள் காத்திருந்ததாகவும் சொல்லி, அன்றைக்கே அவன் கழுத்தில் ஒரு சால்வையைப் போட்டு அனுப்பினான்.

சால்வையோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து அவன் மனைவி பானுமதி, மாட்டுக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். தன்னைக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள் என்று அவன் சொன்னான். மாடு அதற்குள் இன்னொரு தரம் கழிந்திருந்தது. அவள் அதன்மேல் போடச் சாம்பல் அள்ளப் போனாள்.

நல்லயலார் குழு மாதந்தோறும் கூடியது. போகப் போக மாதையனுக்கு நிலையத்தின் நடைமுறைகள் பிடிபட்டன. உலைக்கென்று ஒரு சூடு உண்டு. அதற்கு மேல் போனால் மாலிப்பு கல்லில் தங்காது, ஆவியாகிப் புகையோடு ஏறிவிடும். இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் படம் போட்டே மாட்டியிருந்தார்கள். ஆனால் மேலிடத்திலிருந்து பெரியவர்கள் வரும்போது உலை மந்தமாக எரிந்தால் அது மரியாதையாக இருக்குமா? இணைச் செயலாளர் வந்தபோது சூட்டைக் கொஞ்சம் கூட்டினார்கள். செயலாளர் வந்தபோது இன்னும் கூட்டினார்கள். ஆய்வுக்குழு வந்தபோது, குழுவில் எத்தனை பேரோ அத்தனை பேருடைய பதவிக்கும் சேர்த்துக் கூட்டினார்கள். வந்தவர்கள் உலையின் கண்ணாடித் துளை வழியாக வெள்ளைவெளேரென்று எரியும் தீயைப் பார்த்து, முன்னேற்றம் திருப்திகரம் என்றார்கள். அவர்கள் காரேறிப் போன பிறகு சூட்டைக் குறைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. திருப்தியான ஒன்றை எப்படிக் குறைப்பது?

தொட்டியில் ஊறவைத்து வடித்தால் வெறும் தண்ணீர்தான் வந்தது. அதையும் முறையாக வடித்தார்கள்.

ஒரு கூட்டத்தில் மாதையன் எழுந்து, புகை தாங்க முடியவில்லை என்று சொன்னான். இயக்குநர் நவநீதன் கோபப்படவில்லை. அவர் யாரிடமும் கோபப்பட்டு ஒருவரும் பார்த்ததில்லை. அதுதான் மாதையனுக்கு வரவரப் பயமாக இருந்தது. புகை என்பது சமையலறைச் சொல் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அடுப்பு புகையும், பீடி புகையும். நிலையம் என்பது உயிருள்ள ஒன்று. அது மூச்சு விடுகிறது. எனவே அது வெளிமூச்சு. குழு அந்தச் சொல்லை ஒருமனதாக ஏற்றது. கை தூக்கச் சொன்னபோது மாதையனின் கையும் மேலே போய்விட்டது. அவன் வேறு எதற்கோ என்று நினைத்திருந்தான்.

பங்குனியில் மையாள் கன்று போட்டது. கன்றால் எழுந்து நிற்க முடியவில்லை. முட்டிகள் மடங்கி மடங்கி விழுந்தன. பானுமதி அதை மடியில் கிடத்திக்கொண்டு பாலைச் சங்கில் புகட்டிப் பார்த்தாள். மறுநாள் மதியத்துக்குள் அது போய்விட்டது. இந்த முறை மாதையன் போய்க் குழுவில் உட்காரவில்லை, வாசலில் உட்கார்ந்தான். வெயிலில் உட்கார்ந்திருந்தவனை உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். சாயங்காலம் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

குழுவினர் மஞ்சள் தொப்பியோடு வந்து மாட்டைச் சுற்றி நின்றார்கள். மூத்தவர் மாட்டின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது செவலைப் பசு என்றார். கறுப்பு மாடுங்க, இப்படி ஆகிவிட்டது என்றான் மாதையன். குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு மூத்தவர் அவன் தோளில் கை வைத்து, இந்த மாடு கறுப்பாக இருந்த காலத்தில் நாங்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை, பார்க்காத ஒன்றை மாறிவிட்டது என்று எப்படிச் சொல்வது, மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். கிளம்பும்போது, மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஈரலை மட்டும் தங்களுக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார்கள். ஆராய்ச்சிக்காக.

மையாள் சித்திரையில் விழுந்தது. நிலையத்தின் சார்பில் மலர்வளையம் வந்தது. அருள்குமார் கொட்டகை வாசலில் நின்று மௌன அஞ்சலி செலுத்தினான். அவனோடு வந்தவர்கள் ஈரலை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப்போனார்கள். போகிற வழியில் கூரை ஓட்டில் படிந்திருந்த சாம்பல்நிறத் தூளையும், வயலில் ஒரு கைப்பிடி மண்ணையும், வேப்பிலைக் கொத்தொன்றையும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே இயக்குநர் நவநீதன் தாமாகவே ஊருக்குள் வந்தார். அதற்கு முன் அவர் நரிமேட்டுக்குள் வந்ததே கிடையாது. பின்னால் லட்டுக் கூடைகளோடு ஒரு வேன் வந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் பந்தல் போட்டு, ஊர்க்காரர்கள் எல்லோரையும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள், அதிகாரிகள் நின்றார்கள். அதைப் பார்த்ததுமே மாதையன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

“எங்கே போயிற்று, எங்கே போயிற்று என்று இத்தனை காலம் தேடிக்கொண்டிருந்தோம்,” என்று நவநீதன் பேசினார். அவர் குரல் தழுதழுத்தது. “தொட்டியில் தேடினோம், கசடில் தேடினோம். அது உங்களிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. கரட்டுக் கல்லில் இருப்பதைவிட உங்கள் கூரையில் பல மடங்கு அதிகம். உங்கள் வயலில் அதிகம். மறைந்த அந்தப் பசுவின் ஈரலில் இருந்ததைப் போலத் தரமான ஒன்றை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. சிலர் இதை இழப்பு என்பார்கள். நான் சேமிப்பு என்பேன். இன்று முதல் நரிமேடு ஊர் அல்ல. நாட்டின் மிக உயர்ந்த தாதுப் படுகை.”

அதிகாரிகள் கைதட்டினார்கள். அவர் தொடர்ந்து, சட்டத்தில் குழப்பம் எதுவும் இல்லை என்று விளக்கினார். நிலம் உங்களுடையது, அதன்மேல் படிந்திருப்பது எங்களுடையது. நாங்கள் எடுக்கப்போவது எங்களுடையதை மட்டும்தான். ஆனால் அது உங்களுடையதோடு கலந்துவிட்டிருப்பதால், இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மறுநாளிலிருந்து வாசல் பெருக்கக் கூடாது என்று தண்டோராவுக்குப் பதிலாக வேனில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பெருக்கித் தள்ளுவது பொதுச்சொத்தைச் சேதப்படுத்துவதாகும். தெருமுனைகளில் காவலாளிகள் நின்றார்கள். பானுமதி பழக்கதோஷத்தில் விளக்குமாற்றை எடுத்தாள் என்று ஒருவன் வீட்டுக்குள்ளேயே வந்து அதை வாங்கிக்கொண்டு போனான். கோடைமழை ஒன்று பெய்தபோது அதிகாரிகள் குடை பிடித்துக்கொண்டு ஓடிவந்து, சாக்கடையில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். கூரை வழியாக ஒழுகுவதைக் குடத்தில் பிடித்து வைக்கும்படி ஊரையே கேட்டுக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் குடிக்கும் தண்ணீரும் அதுதான் என்று யாரோ சொன்னதற்கு, அதனால்தான் சொல்கிறோம் என்று பதில் வந்தது.

வைகாசியில் மருத்துவ முகாம் என்று அழைத்து, போனவர்களுக்கெல்லாம் இலவசமாக முடி வெட்டி நகம் வெட்டி அனுப்பினார்கள். வெட்டியதைக் கீழே விடவில்லை. ஆளுக்கொரு பையில் போட்டுப் பெயர் எழுதினார்கள். இரண்டு நாள் கழித்து அருள்குமார் மாதையன் வீட்டுக்கு வந்தான். தின்பண்டப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். கொஞ்சம் தயங்கி, பிறகு பெருமையாகச் சொன்னான்.

“ஊர்லயே ஒங்க முடிதாங்கண்ணா நல்ல தரம். கரட்டுக் கல்லெல்லாம் ஒங்ககிட்டக் கூட நிக்க முடியாது. அண்ணி முகாமுக்கு வரலைங்களே. பொம்பளைங்க முடி நீளம். அதுல எவ்வளவோ சேந்திருக்கும்.”

பானுமதி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அவிழ்ந்து கிடந்த கூந்தலை இரண்டு கையாலும் அள்ளி இறுக்கிக் கொண்டை போட்டாள்.

“எம் மயிர்ல மாலிப்பு இருந்தா அது எம் மயிரு. ஒருத்தனுக்கும் கெடையாது.”

அருள்குமார் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனான். அன்றைக்குச் சாயங்காலமே அவர்கள் வீட்டுக்கு எதிரே இன்னொரு காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

அவள் யோசித்துக்கொண்டு நிற்கிறவள் இல்லை. கிழக்கே தீர்த்தமலை அடிவாரத்தில் அவள் அண்ணன் வீடு இருந்தது. கல்லூரிக்குப் போகும் மகள் காவியாவை முதலில் அனுப்பினாள். பிறகு ஒரு மத்தியான பஸ்ஸுக்குத் தானும் கிளம்பினாள். ஊரைவிட்டு யாரும் போகக் கூடாது என்று தடை ஏதும் இல்லை. ஆனால் பஸ் ஏறுமுன் புடவையை உதறிவிட்டு ஏறச் சொன்னார்கள். எங்கே போகிறீர்கள் என்று காவலாளி கேட்டதற்கு, தீர்த்தமலைக்கு, வேண்டுதல் என்றாள். அவன் பதறிப்போனான்.

“சாமி நல்லாக் கும்புட்டுட்டு வாங்கக்கா. மொட்டை மட்டும் போட்டுறாதீங்க.”

மாதையனும் கூடவே போயிருக்கலாம். பானுமதி கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டையும் வயலையும் விட்டுவிட்டு எப்படி வருவது, நான் இருந்தால்தான் நாலு பேர் மதித்து ஏதாவது செய்வார்கள், குழுவில் வேறு இருக்கிறேன் என்று அவன் சொன்னான். சொல்லும்போதே அது அவனுக்கே நம்பும்படியாக இல்லை.

ஆனி பிறந்ததும் பொக்லைன்கள் வந்தன. முதலில் வயல்களின் மேல்மண்ணை வழித்தன. பிறகு மரங்கள். பிறகு ஓடுகளைப் பிரித்தார்கள், சுவர்களைச் சுரண்டினார்கள். வேலை வெட்டி இல்லாமல் நின்ற நரிமேட்டுக்காரர்களுக்கு நிலையமே வேலை கொடுத்தது. மாதையனுக்கு உலைமுகத்தில் மண் தள்ளும் வேலை. தன்னுடைய வயலின் மண் வந்த அன்றைக்கு அவன் அதை அடையாளம் கண்டுகொண்டான். அதில் அவன் போட்ட கரும்புச் சக்கை உரம் இன்னும் மக்காமல் கிடந்தது. மண்வெட்டியை ஒரு நிமிடம் நிறுத்தினான். பின்னாலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். அவன் தள்ளினான்.

அன்றைக்கு நல்லயலார் குழுவின் கடைசிக் கூட்டம். அயல் என்று எதுவும் மிச்சமில்லாததால் குழுவைக் கலைப்பதாக இருந்தது. விடைபெறும் முன் யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார்கள். மாதையன் எழுந்தான். இந்த வருஷத்தில் அவன் கேட்ட கேள்விகள் எதற்கும் பதில் கிடைத்ததில்லை என்றாலும், இது அவனுக்குள் பல நாளாகக் கிடந்து அரித்தது.

“அய்யா, கல்ல வறுத்தப்ப மாலிப்பு மேல போயி எங்க ஊருல வுழுந்துச்சு. இப்ப எங்க ஊர வறுக்கறீங்க. இதும் மேலதான போவும்? அப்பறம் எங்க போயி வுழும்?”

அருள்குமார் தலையைக் குனிந்துகொண்டான். நவநீதன் மட்டும் முகம் மலர்ந்தார். இப்படி ஒரு கேள்வியை ஒரு விவசாயி கேட்பதே நிலையத்தின் வெற்றி என்றார். பிறகு எழுந்து சுவரில் இருந்த திரையை விலக்கினார். மாவட்ட வரைபடம். நரிமேட்டிலிருந்து கிழக்கே விசிறி விரித்தது போல ஊர்களின் மேல் சிவப்பு மை பூசியிருந்தது.

“போன முறை அது எங்கே போகிறது என்று தெரியாமல் போகவிட்டோம். அது அனுபவமின்மை. இந்த முறை எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரியும். புகைபோக்கியின் உயரத்தையும் அதற்கேற்றபடி கூட்டிவிட்டோம். எல்லாம் நன்றாகப் படிவதற்கு அவகாசம் கொடுத்து, பிறகு போய் எடுத்துக்கொள்ளலாம். அங்கே உள்ளவர்களுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். இயல்பாக வாழ்ந்துகொண்டிருந்தால்தான் படிவு சீராக இருக்கும்.”

எல்லோருக்கும் சால்வை போட்டார்கள்.

ஆடிக் காற்று தொடங்கிவிட்டிருந்தது. வீசினால் மேற்கிலிருந்து கிழக்காக, நாள் முழுக்க நிற்காமல் வீசும். கூட்டம் முடிந்த இரண்டாம் நாள், தில்லியிலிருந்து யாரோ மிகப் பெரியவர் அன்றைக்கு வருவதாகச் சொல்லி, காலையிலிருந்தே உலையின் சூட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். சூட்டைக் காட்டும் முள் அதுவரை போகாத இடத்துக்குப் போய் நடுங்கிக்கொண்டு நின்றது. சாப்பாட்டு நேரத்தில் மாதையன் வெளியே வந்து, சுவர் நிழலில் நின்று பானுமதிக்குப் போன் போட்டான். சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்டாள். காவியா பரீட்சை நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். குரலில் பல மாதமாக இல்லாத தெளிச்சி இருந்தது.

“மூக்குல எரிச்சல், இருமல் எல்லாம் போயிருச்சுங்க. இங்க காத்து அப்படி வருது. புளியமரத்தடியில கட்டிலப் போட்டு எல்லாரும் வெளியதான் படுத்துக் கெடக்கறோம். நீங்களும் அதெல்லாம் வுட்டுப்போட்டு வந்துருங்க.”

மாதையன் அண்ணாந்து பார்த்தான். புகைபோக்கியிலிருந்து கிளம்பிய வெண்மையான கற்றை கலையாமல், வளையாமல், அரூர்ச் சாலைக்கு மேலே ஏறிக் கிழக்கே நீண்டுகொண்டிருந்தது.

“எந்தப் பக்கமிருந்து வருது காத்து?”

“உங்க பக்கமிருந்துதாங்க வருது.”

சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. விருந்தாளியின் கார்கள் வாசலில் திரும்பிக்கொண்டிருந்தன; யாரோ பூரண கும்பத்தைச் சரியாகப் பிடிக்கச் சொல்லிக் கத்தினார்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்து, நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று மாதையன் சொன்னான். தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கார்களுக்கு நடுவே புகுந்து, பஸ் நிற்கும் இடத்தை நோக்கி ஓடத் தொடங்கினான். தலைக்கு மேலே புகை அவனுக்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தது.